கைதட்டல் திரும்பாத அறை

நான் கடைவீதியில் வளர்ந்தவன். வழக்கமாக என் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். இதில் மட்டும் பேரம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒலிப்பதிவு அறைகளுக்குச் சுவர்ப் பலகை பொருத்துவது என் தொழில். துணி போர்த்திய பஞ்சுப் பலகை. வெற்று அறையில் கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பலகை அதைக் குடித்துவிடும். சத்தம் வெளியே போகாமல் தடுப்பது பலகையல்ல, கனத்த கதவும் அதன் ரப்பர் விளிம்பும்தான். இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளர் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் நானாக ஏன் வாயைக் கொடுக்க வேண்டும்?

அன்று கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. கூட வந்தது என் மச்சினன். கதவின் உட்புறம் பலகை ஒட்டக் கைப்பிடி இடித்தது. கழற்றி, கருவிப் பையோடும் போனோடும் வெளியே வைத்தேன். கதவைச் சாத்திக் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தால்தான் வேலை முடிந்த மாதிரி.

"பத்து நிமிஷத்துல திற மாப்ள."

"மறந்துட்டா, மாமா?"

"உங்கக்காகிட்ட நீயே பதில் சொல்லு."

கைக்கடிகாரத்தில் மதியம் 2:10. அவன் கதவைச் சாத்தினான். தட்டினேன். சத்தம் உள்ளங்கையிலேயே செத்தது. அருமையான வேலை.

நான்கு விநாடி கழித்து, இடது மூலையில்... ஒரு தட்டு.

எதிரொலி இவ்வளவு நேரம் காத்திருக்காது.

இரண்டு முறை தட்டினேன். நான்கு விநாடி. மூன்று வந்தது.

2:20. கதவு திறக்கவில்லை.

2:35. கதவைக் குத்தினேன். தொப்... தொப்... பஞ்சு. கத்தினேன். குரல் உதட்டைத் தாண்டவில்லை.

காற்று கனத்தது. குளிர்சாதனக் குழாய் இன்னும் இணைக்கவில்லை.

மூலையில் மூச்சுச் சத்தம். என் மூச்சை அடக்கினேன்.

அது நிற்கவில்லை.

"என்ன வேணும்? பேசி முடிச்சிக்கலாம்..." பழக்க தோஷம்.

மூச்சு நின்றது.

2:58.

கதவு திறந்தது.

வெளியே வந்து விழுந்தேன். "பத்து நிமிஷம்னேனே, தடியா!"

"நாலு தடவை வந்தேன் மாமா. 'இன்னும் கொஞ்ச நேரம், திறக்காதே'ன்னு நீங்கதானே சொன்னீங்க? பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்டுச்சே."

அந்தக் கதவைத் தாண்டி எந்தக் குரலும் வராது.

"அப்புறம் ஏன் திறந்தே?"

அவன் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"'பேசி முடிச்சாச்சு, திற. ரெண்டு பேரும் வர்றோம்'னீங்க..."