கொலுவில் கண்ணை மூடி உட்கார்ந்த ரூத்

ரூத் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள், யார் குரலை இனிக் கேட்கவே கூடாது என்றிருந்தேனோ அந்த வசந்திதான். ஐந்து வருஷம் கழித்துப் போன் செய்கிறாள். "ரூத் ஆண்ட்டி போயிட்டாங்க. எவ்ளோ ஸ்வீட் இல்ல? மெமோரியல்ல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் பாட்டிம்மா. பழசெல்லாம் விட்ருங்க."

"விட மாட்டேன்டி" என்று போனை வைத்தேன். ரூத்தை அறிந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஜனங்களே, பழசைத்தான் எழுதுகிறேன். அவர் ஸ்வீட் இல்லை.

இங்கே அமெரிக்காவில் வசந்தி வீட்டில் மூன்று வருஷம் சமைத்தேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். வந்திறங்கிய அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டாள். ஊரில் மகளுக்குப் பிரசவம் என்று கெஞ்சியபோதும் தரவில்லை. "நீங்க தொலைச்சிடுவீங்க" என்றாள். பக்கத்து வீட்டு ரூத்திடம் என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அந்த நவராத்திரிக்கு வசந்தி அவரையும் பெருமைக்காக அழைத்தாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே சாயம் போடாத பருத்திச் சட்டையில் வந்து கொலுவின் எதிரே உட்கார்ந்தார். நான் நீட்டிய சுண்டலைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாரேன், ஆண்ட்டி தியானம் பண்றாங்க!"

"நம்ம கல்ச்சர்ல என்ன பக்தி பாரு. ஷ்ஷ், டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ரூத் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் என்பதை அவர்கள் அறியவில்லை. குவேக்கர் தொழுகையில் பாட்டும் இல்லை, பூசாரியும் இல்லை. மௌனமாக இருப்பார்கள், மனம் உந்தியவர் எழுந்து பேசுவார். ரூத் எழுந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்: "இந்த அம்மாவின் பாஸ்போர்ட் எங்கே?"

வசந்தி சிரித்தாள். "மாடில ஸேஃபா இருக்கு ஆண்ட்டி. ஷீ இஸ் ஃபேமிலி."

"நல்லது. அவரிடம் கொடுங்கள். காத்திருக்கிறேன்."

மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை வேறு யாரும் கண்ணை மூடவில்லை. கடைசியில் வசந்தியின் புருஷன் மாடியேறிப் போய் எடுத்துவந்து ரூத்திடம் நீட்டினார். ரூத் வாங்கவில்லை, என்னைக் காட்டினார்.

அன்றே பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். பயமில்லையா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் இதே நியூ ஜெர்சியில் வாழ்ந்த குவேக்கர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். இளவயதில் முதலாளி சொன்னாரென்று ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரத்தை அவரே எழுதினாராம். எழுதியதை அவர் மறக்கவேயில்லை. அடிமை வைத்திருந்த சொந்த சபைக்காரர் வீடுகளுக்கு நடந்தே போய், அவர்கள் மேஜையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார். அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரையை விட்டார், சாயத்துணியை விட்டார். "விருந்தாளிதான் கேட்க வேண்டும், வெளியே தள்ள வெட்கப்படுவார்கள்" என்பார் ரூத்.

என்னையும் அவர் விடவில்லை. ஊரில் எங்கள் வயலில் வேலை செய்த காத்தாயிக்குக் கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றியதை ஒருநாள் சாதாரணமாகச் சொன்னேன். ரூத் தட்டை நகர்த்திவிட்டுக் கண்ணை மூடினார். வசந்தி செய்ததை மறக்காத நான், நான் செய்ததையும் மறக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உட்காருதலைத்தான். போன மாதம் ஒரு சீமந்தத்தில் தட்டைத் தொடாமல் இருந்தேன். "என்ன பாட்டி, சுகரா?" என்றார்கள். "இல்லடி, சமைச்ச பொண்ணும் உக்காரட்டும்" என்றேன். அதன்பிறகு பலர் என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட ஒரு வீட்டில், நான் போகும்போதே சமையல்காரப் பெண் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.