பஸ் வரைக்கும் பவுடர்

உமாதேவி பவுடரை உள்ளங்கையில் தட்டிக் கன்னத்திலும் மூக்கிலும் தேய்க்கிறாள் என்றால், பஸ் ஏறப் போகிறாள் என்று அர்த்தம். கம்பத்துக்கு வெற்றிலை வாங்கப் போனாலும் அந்தப் பூச்சு வேண்டும். "டவுனுக்குப் போறப்ப தோட்டத்துல இருந்து ஓடியாந்தவ மாதிரியா போறது?" என்பாள்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. பந்தலுக்கடியில் நாளெல்லாம் அண்ணாந்து நின்று, கொத்தில் நெருக்கியடிக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் கழித்துவிடுவாள்.

இரண்டு வருடமாக அந்தக் கை காலையில் மடங்க மறுக்கிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. அடிக்கடி காய்ச்சல். தோட்டத்தில் அடிக்கும் மருந்துதான் காரணம் என்றார்கள். ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தும் பார்த்தாள், நிற்கவில்லை. கைக்கு எலும்பு டாக்டர், முடிக்குத் தோல் டாக்டர், காய்ச்சலுக்கு இன்னொருவர். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்ல மாட்டாள். "எலும்பு டாக்டர்கிட்டப் போயி முடியப் பத்திப் பேசுனா கோவிச்சுக்கிற மாட்டாகளா?" கன்னம் சிவந்து எரிவதை யாரிடமும் சொன்னதே இல்லை. வெயிலில் போனால் முகம் சிவக்கத்தானே செய்யும்?

மாசியில் கால் வீங்கியது.

"எல்லா டாக்டரயும் பாத்தாச்சு. பேசாம கெட" என்றான் கணவன் மாரிசெல்வம்.

"பாக்க வேண்டிய ஆள இன்னும் பாக்கல" என்றாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளைப் பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெபஷீலா உற்றுப் பார்த்தாள். மூக்குத்தண்டிலிருந்து இரண்டு கன்னத்துக்கும் சிவப்பு சிறகு விரித்திருந்தது.

"யக்கா, இத டாக்டர்க பாத்தாகளா?"

"பவுடர் போட்டுட்டுல்ல போனேன்."

ஜெபஷீலா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாப் போனீக போங்க, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. லூபஸ்னு ஒரு சீக்கு இருக்கு, மூட்டு, முடி, தோலுன்னு ஒண்ணே எல்லாத்தையும் பிடிக்கும், அதுவா இருக்கலாம். டெஸ்ட் பாத்தாத்தான் தெரியும். கால் வேற வீங்குது, கிட்னியத் தொட்டிருச்சான்னும் பாக்கணும். மதுரையில மூட்டுவாத டாக்டர் இருக்காக. கை, முடி, காச்சல், முகம், எல்லாத்தையும் அவுக ஒருத்தருகிட்டயே சொல்லுங்க."

மறுநாள் முதல் பஸ். அதற்கும் பவுடர் தட்டினாள். மாரிசெல்வம் முறைத்தான். "பஸ்ஸு வரைக்குந்தான்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உமாதேவி பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து, அத்தனை பேர் பார்க்க, முகத்தை அழுந்தத் துடைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும், பந்தலுக்கடியில் நிற்பவளைப் போல அண்ணாந்து, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள்.