கேற்றடியில் கொடுத்த உறை

வவுனியாவில் சுதாகரன் சாப்பிடவில்லை. கோபிசங்கரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிக்கும்வரை கடைக்கு வெளியே நின்று வானின் முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று கோபிசங்கர் வந்து கேட்டான்.

"வயிறு சரியில்லை தம்பி. நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கோபிசங்கரின் தெல்லிப்பழை வீட்டுச் சாப்பாட்டுக்காக அதைக் காயப்போட்டிருந்தார்.

பண்டத்தரிப்புக்காரரான சுதாகரன் பதினாறு வருடமாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்குவார். கட்டிப்பிடித்து அழுகிறவர்கள் அழுது ஓய்ந்ததும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "றைவர் தம்பி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்பார். அது எழுதாத வழக்கம். கோபிசங்கரின் தாய் ஞானாம்பிகை அதற்கும் ஒரு படி மேலே. "கையைக் கழுவு, கறி ஆறுது" என்று அதட்டுவார். கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் தரமும் போட்டுவிட்டு, எதிரில் இருந்து சுதாகரனின் முழங்கால் வலியை விசாரிப்பார். புறப்படும்போது ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் வைப்பார். அந்தக் காசை வாங்கச் சுதாகரன் ஒருநாளும் கூசியதில்லை.

ஞானாம்பிகை காலமாகி வருடமாகிறது. ஆட்டத்திவசத்துக்குத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள். சுதாகரனின் மனைவி உதயகலா போய் மூன்று வருடம். அதன்பிறகு அவர் தனக்காக உலை வைப்பதில்லை. கடையில் வாங்கும் பாணும் வாழைப்பழமுமாகப் போகிறது. மனிதர் பரிமாறி, பக்கத்தில் யாரோ கதைத்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது இந்த ஓட்டங்களில் மட்டும்தான்.

மதியம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கிழமை முன்பே வந்திருந்த கோபிசங்கரின் அக்கா சுபாஜினி ஓடிவந்தாள். சமையலறையிலிருந்து தாளித்த வாசனை வந்தது. சுதாகரன் ஆறு பெட்டிகளையும் விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கோபிசங்கர் பேசிக்கொண்டே அவரைக் கேற்றடிக்கு அழைத்து வந்து இரண்டு உறைகளை நீட்டினான்.

"இது வான் காசண்ணை. மற்றது உங்கடை சந்தோசத்துக்கு. அங்கை ரொறன்ரோவிலை சாப்பாட்டுக் கடையிலையே பரிமாறுறவைக்கு நூற்றுக்குப் பதினெட்டு வைக்கவேணும். வைக்காட்டி ஒரு மாதிரிப் பாப்பினம். இது அப்பிடிக் கடமைக்கில்லை, மனமாத் தாறன். வழியிலை நல்லாச் சாப்பிடுங்கோ."

"எனக்கு உந்த நூற்றுக்கணக்கொண்டும் தெரியாது தம்பி" என்று சிரித்தபடி வாங்கினார். உறை தடிப்பாக இருந்தது. ஞானாம்பிகை கொடுத்ததைப் போலப் பத்து மடங்காவது இருக்கும்.

"கோபி, கேற்றைப் பூட்டிப்போட்டு வா, சோறு ஆறுது" என்று உள்ளேயிருந்து சுபாஜினி கூப்பிட்டாள்.

சுதாகரன் உடனே புறப்படவில்லை. பின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். மூடியிருந்த வான் கதவை மறுபடி திறந்து மூடினார். ஒரு வார்த்தை வரலாம். பிள்ளைகளில் யாராவது ஓடிவரலாம். கேற்றின் மறுபக்கத்தில் கோபிசங்கர் பூட்டும் கையுமாக நின்றான். பிறகு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்னண்ணை, காணாதோ?"

கேட்டுக்கொண்டே பேர்சிலிருந்து ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தான்.

சுதாகரனுக்கு முகம் சுட்டது. சோறு என்று சொன்னால் தலைவாழை இலையே போடுவார்கள். கேட்டு வாங்கினால் அது வேறு சோறு. தாளைத் திருப்பிக் கொடுத்தால், நல்ல மனதோடு தந்தவன் திகைத்துப்போய் நிற்பான்.

"காணும் தம்பி, காணும். டயரைப் பாத்தனான். வாறன்."

சந்திக் கடையில் வானை நிறுத்தி உள்ளே போனார். பரிமாறுகிற செபநாயகம் வாசலில் நின்ற பதினாலு இருக்கை வானை எட்டிப் பார்த்து உற்சாகமானார்.

"எத்தினை பேரண்ணை?"

"ஒராள்."

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த நான்கு கிளாஸ்களில் மூன்றை எடுத்துக்கொண்டு செபநாயகம் உள்ளே போனார்.