விசாரணை அத்தானின் அறுபத்துநாலு நாள்

கடைக்கு வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'எக்ஸ்பயரி' என்று சொல்வது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேராக 'மேடம்'. இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்ப வராது. மருந்துச் சீட்டின் கையெழுத்து, மாத்திரை அட்டையின் பின்பக்கத் தேதி, வீட்டுக்கு வரும் பால் பாக்கெட், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவேன். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் திருப்பிப் பார்த்தியா?" என்பார் என் கணவர். பார்த்தேன். தேதி சரியாக இருந்தது.

அப்படிப்பட்ட என் கண்ணிலேயே அறுபத்துநாலு நாள் மண்ணைத் தூவியவர் என் அக்காவின் கணவர். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அத்தானை 'விசாரணை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எந்த வாய் எதைக் கேட்டாலும் அத்தானிடம் பதில் இருக்கும். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எந்த மேடை, கழிப்பறை எங்கே, தொலைந்த பையை யாரிடம் கேட்பது. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காய்ச்சல் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குப் பழக்கதோஷத்தில் ஏழாம் மேடை என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்த்துப் பேருந்து மூன்றாம் மேடையிலிருந்து கிளம்பிவிட்டது. அத்தான் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அடுத்த நிறுத்தம் வரை துரத்திப் போய் அந்தப் பேருந்திலேயே ஏற்றிவிட்டு வந்தார். மேலதிகாரியிடம் வசவு வாங்கினார். அன்றிலிருந்து மேடையைத் தன் கண்ணால் பார்க்காமல் சொன்னதே இல்லை. இந்தக் கதையை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்றதும் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. பேருந்து நேரத்தை ஜனங்கள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் அக்கா கேட்பது ஒரே கேள்விதான், சாப்பாடு போடவா. அதற்குக் கூட "போடு" என்ற ஒரு சொல் போதும். முப்பத்தொரு வருஷம் பேசிய மனிதருக்கு ஒரு சொல் எப்படிப் போதும்? அவரும் போனைக் கையில் எடுத்தார்.

அவருக்குப் பதினொரு வருஷமாக ரத்த அழுத்தம். மாதம் பிறந்தால் முதல் தேதி என் கடைக்கு வருவார். நான் நீட்டும் அட்டைகளை என் முன்னாலேயே எண்ணுவார். "ரெண்டு குறையுது பாரு" என்று வம்புக்காகவே சொல்வார். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை விடுவேன். போன மாதம் வந்தவர் எண்ணவில்லை. அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மூக்கு வியர்த்தது. அத்தான் என்னை எதற்கு வாழ்த்த வேண்டும்?

இந்த மாதமும் அதே கதை. போகும்போது நெற்றிப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனார்.

கடை விடுமுறையன்று பிரஷர் பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய் அக்காவின் வாயைப் பிடுங்கினேன்.

"அத்தான் மாத்திரை போடறாரா?"

"போடாம? தினம் கேக்கறேன். 'போட்டாச்சு, நீ கவலைப்படாதே'ங்கறார். குப்பையில காலி அட்டையையும் பாக்கறேனே. உன்னை மாதிரி எனக்கும் சந்தேகம் வரும்டி."

காலி அட்டை இருக்கிறது. தேதிப்படி வாங்குகிறார். கணக்கு நேராக இருந்தது, நேராக இருப்பதே எனக்கு உறுத்தியது. கூடத்துக்கு வந்து அத்தானின் கையில் பட்டையைச் சுற்றினேன். வேண்டாம் என்று அவர் கையை இழுத்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூடு கீழே விழுந்தது. கிலுகிலு என்று சத்தம்.

கண்ணாடி அவர் மூக்கில் இருக்கிறது. அப்புறம் கூட்டுக்குள் என்ன சத்தம்?

திறந்தேன். உள்ளே மாத்திரைகள். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், ஒன்றுகூட உடையாமல். அக்கா தட்டோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"தூக்கிப் போட மனசு வரல" என்றார் அத்தான், என்னவோ அதுதான் குற்றம் என்பதுபோல.

"எத்தனை நாளா?"

"அறுபத்துநாலு."

பட்டையை மறுபடி சுற்றி மெஷினை ஓட்டினேன். மேலே நூற்று எண்பத்தெட்டு. அத்தான் சிரித்தார். "உன் கடை மெஷின் உன் பக்கம்தானே பேசும்? நான் மாத்திரையை விட்டா உனக்குத்தானே யாவாரம் போகும். அந்தாளு முதல் வீடியோவிலேயே சொல்லிட்டாரு, மருந்துக்கடைக்காரங்க லேசுல விடமாட்டாங்கன்னு."

உலகத்தையே சந்தேகப்படும் என்னை ஒருவர் சந்தேகப்பட்டது அன்றுதான் முதல் தடவை. சுருக்கென்றுதான் இருந்தது.

"யாரு அந்தாளு? காட்டுங்க."

காட்டினார். வெள்ளைக்கோட்டு. பின்னால் அலமாரி நிறைய ஒரே நிறப் புத்தகங்கள், ஒன்றின் முதுகிலும் பெயர் இல்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், காதில் மாட்டும் முனைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பெயருக்குக் கீழே 'உடல்நல ஆலோசகர்' என்று போட்டிருந்ததே ஒழிய, டாக்டர் என்று எங்கும் இல்லை. நாற்பது நாளில் ரத்த அழுத்தத்துக்கு விடுதலையாம். தலைவலி வந்தால் உடம்பின் கழிவு வெளியேறுகிறது என்று அர்த்தமாம். நன்றாகத்தான் காதில் பூச்சுற்றினான். பேச்சு மட்டும் தேன்.

நான் வீடியோக்களுக்கு எதிரி இல்லை. மூச்சிரைப்புக்காரர்கள் இன்ஹேலரை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று ஒரு நர்ஸம்மா போட்ட வீடியோவை நானே கடையில் வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். வாயால் பத்துத் தடவை சொல்லிப் புரியாதது அதைப் பார்த்து ஒரே தடவையில் புரிகிறது. ஆனால் அதை இருநூறு பேர்கூடப் பார்க்கவில்லை. இவனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

கீழே கருத்துகளைத் தள்ளினேன். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக நிற்கும்படி அந்த ஆளே எடுத்து வைத்திருந்த கருத்து அத்தானுடையது. 'இருபது நாட்களாக மாத்திரை இல்லை. பூரண நலம்.' அதற்குக் கீழே கேள்விகள், அத்தனைக்கும் அத்தானின் பதில்கள். ஐயா, சர்க்கரை இருந்தாலும் நிறுத்தலாமா. ஐயா, வயது எழுபது. ஐயா, ஐயா, ஐயா. எனக்கு விளங்கிவிட்டது. அத்தானுக்குத் திரும்பவும் ஜன்னல் கிடைத்திருக்கிறது.

படத்துக்குப் பதில் ஒரு பூவை வைத்திருந்த ஒரு அம்மா, தினமும் எழுதியிருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

'ஐயா, வயது ஐம்பத்தெட்டு. நானும் நிறுத்தலாமா?'

'தைரியமாக நிறுத்துங்கள் அம்மா. நானே சாட்சி.'

'மூன்றாம் நாள் ஐயா. தலை வலிக்கிறது.'

'கழிவு வெளியேறுகிறது. பயம் வேண்டாம்.'

'ஒன்பதாம் நாள் ஐயா. காலையில் இடது கை கொஞ்ச நேரம் மரத்துவிட்டது. டம்ளர் நழுவி விழுந்தது. இப்போது பரவாயில்லை.'

'இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.'

கடைசிப் பதில் நேற்றைய தேதி. கை மரத்து, டம்ளர் நழுவி, பிறகு சரியாகிவிட்டது என்றால், பக்கவாதம் ஒருமுறை கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த தடவை தட்டாமலே உள்ளே வரும்.

போனை அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "உங்களுக்குத் தலைவலி இல்லையா அத்தான்? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அவர் நெற்றிப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டார்.

"உங்க உடம்பு, உங்க இஷ்டம். இந்தம்மாவை எந்த பஸ்ல ஏத்தி விட்டிருக்கீங்க? மேடையைக் கண்ணால பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி போய்த் தைத்துவிட்டது. நூற்று எண்பத்தெட்டுக்கு அசையாத மனிதரின் முகம் வெளுத்துப்போனது. போனை என்னிடமிருந்து பிடுங்கி எழுதினார். 'அம்மா, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் தலைவலி இருக்கிறது, மறைத்தேன். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

ஐந்து நிமிஷத்தில் அந்தப் பதிலைக் காணோம். திரும்ப எழுதினார். அதையும் காணோம். 'பூரண நலம்' மட்டும் மேலே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"என்னோடதை நானே அழிச்சிடட்டுமா?" என்றார்.

"அழிச்சா அதோட கீழே இருக்கற அந்தம்மாவும் போயிடுவாங்க அத்தான். அவங்களைப் பிடிக்க உங்களுக்கு வேற நூல் கிடையாது."

அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். டாக்டர் ஊசி போடவில்லை, வாயாலேயே போட்டார். மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று எழுதிக் கொடுத்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த நேரத்திலும் அத்தான் எழுதினார், அவன் அழித்தான், இவர் எழுதினார். பேருந்து நிலையத்தில் ஒரே அறிவிப்பை மூன்று மூன்று தடவை சொல்லிப் பழகியவர் ஆயிற்றே.

மறுநாள் காலை கடை திறந்ததும் வந்துவிட்டார். "எழுதறதை அழிக்கறான். நானே வீடியோ போடறேன். என் பேர்ல போட்டா அவன் அழிக்க முடியாதில்ல?"

நான்தான் படம் பிடித்தேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய மைக் குரலில், "பயணிகள் கவனிக்கவும்" என்று ஆரம்பித்தார். நிறுத்தி, மறுபடி எடுத்தோம்.

"அறுபத்துநாலு நாள் மாத்திரை இல்லாம இருந்தவன் நான்தான். நல்லா இருக்கேன்னு எழுதினது பொய். தலைவலி இருந்துச்சு. நீங்கள்லாம் கேக்கறதை நிறுத்திடுவீங்களேன்னு சொல்லல. டாக்டரைக் கேக்காம யாரும் நிறுத்தாதீங்க. கை மரத்துப்போச்சுன்னு எழுதின அம்மா, நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க." சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வீடியோவுக்கு வழிகாட்டும் இணைப்பைப் பூ அம்மாவுக்குக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். சில பேர் அழிபடுவதற்குள் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் எழுதியதைப் பார்த்து என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். 'பின்னால் பாருங்கள், மருந்து அலமாரி.' 'எவ்வளவுக்கு விலை போனாய்?' 'நடிகன்.' சந்தேகப்படுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு, அடுத்தவரும் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றவே இல்லை. மருந்துக்கடையில் வைத்தா மருந்தைப் பற்றி வீடியோ எடுப்பேன்?

மத்தியானம் பூ வந்தது.

'நீங்கள் உண்மையில் அந்த ஐயாதானா? யாராவது மிரட்டிப் பேச வைக்கிறார்களா?'

அத்தான் கடை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'நான்தான் அம்மா. யாரும் மிரட்டவில்லை. கை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? மாத்திரை போட்டீர்களா?'

நான் இரண்டு பேருக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன். சாப்பாடு கொண்டுவந்த அக்கா, தூக்கைத் திறக்காமல் கவுன்டர் ஓரமாக நின்றாள். நேற்றிலிருந்து அவள் அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

போன் சிணுங்கியது. அத்தான் படித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "போட்டுட்டாங்க! பாரு, போட்டுட்டாங்க!" என்று எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார்.

'போட்டாச்சு ஐயா. நீங்கள் கவலைப்படாதீர்கள்.'

அக்கா அதைப் படித்துவிட்டு அத்தானைப் பார்த்தாள். அத்தான் இன்னொரு தடவை படித்தார். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், இப்போது காலியாக இருக்கும் கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்தது.

"ஆஸ்பத்திரி பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார் என்னிடம். "நிஜமாத்தான் சொல்றாங்களா? இதை நம்பலாமா?"

எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் பதில் சொன்னது நான் இல்லை.

"நான் நம்பினேனே" என்றாள் அக்கா.

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரும்பவும் தட்டத் தொடங்கினார். 'பக்கத்தில் யார் இருக்கிறார்கள் அம்மா? போனை அவர்களிடம் கொடுங்கள்.'