சரசா மாமியின் சாளக்கிராமம்

எங்கள் நிக்டி காலனியில் சரசா மாமி ஒரு நாள்கூட ஊருக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. காரணம், நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்புக் கல், சாளக்கிராமம். அதற்குத் தினமும் அபிஷேகம் செய்து சாதம் படைக்கவேண்டும், பட்டினி போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் கணவர் சுந்தரராமன் நம்பினார். பெண்கள் அதைத் தொடக்கூடாது என்றும் நம்பினார். அவர் குளிப்பாட்டுவார், மாமி சாதக் கிண்ணத்தை எட்ட நின்று நீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கதை. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் உண்டு. சொல்லி என்ன பயன், போன மார்கழியில் போய்ச்சேர்ந்துவிட்டார்.

மகன் ஜெயந்துக்கு அதே ஊரில், வாகட் பக்கம் வீடு. "நீ எடுத்துண்டு போடா" என்று மாமி கெஞ்சினார்.

"அம்மா, இது ஃபாசில். கடல்ல நத்தை மாதிரி ஒண்ணு செத்து, சேத்துல புதைஞ்சு கல்லாயிருக்கு. அத்தனை கோடி வருஷம் பட்டினியாத்தானே கிடந்தது? இனிமேலும் கிடக்கட்டும்."

அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வரவும் இல்லை.

மாமி எட்ட நின்றபடியே கல்லோடு பேச ஆரம்பித்தார். "இன்னிக்கு வெந்தயக்கீரை பாஜிதான், சாப்பிடு" என்று சொல்வது என் வீட்டுக்குக் கேட்கும். பேசுவதற்கு அங்கே வேறு யார் இருந்தார்கள்? ஆனாலும் அபிஷேகம் நின்றுபோன பயம் அவரை அரித்தது. ஒரு நாள் கல்லைத் தொடாமல், சம்புடத்தோடு கொண்டுபோய்க் கோயிலில் ஒப்படைத்துவிட்டார்.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னால இருக்க முடியலடி. வா, திருப்பி வாங்கிண்டு வந்துடலாம். பாவம் வந்தா வரட்டும், நானே தொட்டுக் குளிப்பாட்டறேன்."

ரிக்‌ஷா பிடித்துப் போனோம். அர்ச்சகர் விச்சு மறுக்கவில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இழுத்து முன்னால் வைத்தார். தாம்பாளம் நிறையக் கறுப்புக் கற்கள். மாமியைப் போல எத்தனையோ வீட்டார் கொண்டுவந்து விட்டவை.

"உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கோங்கோ, மாமி."

மாமி தயங்கி ஒன்றை எடுத்தார். அதில் ஒரு துளை, உள்ளே சுருள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதிலும் துளை, சுருள்.

"எதை எடுத்தா என்ன, எல்லாம் பெருமாள்தானே" என்றார் விச்சு.

"எங்காத்துக் கல்லுதான் வேணும்" என்று மாமி அழுதார். "ஆனா, நான் அதைக் கிட்டப் போய்ப் பாத்ததே இல்லையே."