காதுக்குள் ஒரு கச்சேரி

சக்கரவர்த்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் என்பது அவருடைய மனைவி ஆராயிக்குத் தெரியும், மெல்லிசைக் குழு நடத்தும் மூர்த்திக்குத் தெரியும். மற்றபடி திருவண்ணாமலையில் யாருக்கும் தெரியாது. மேடையில் அவரைப் பார்த்தவர்கள்கூட, ஓரமாக ஒருத்தர் நின்றுகொண்டிருந்தாரே அவரா என்றுதான் கேட்பார்கள். பேஸ் கிட்டாரின் தலையெழுத்து அப்படி. அது இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோனால் மட்டும், பாட்டில் என்னவோ உப்பு குறைகிறதே என்று முகம் சுளிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவருடைய மாமியார் கம்பிகளை எண்ணி, நாலுதான் இருப்பதைப் பார்த்துவிட்டு, மிச்ச ரெண்டு கம்பியை எப்போது வாங்கப் போகிறீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டார். அன்றிலிருந்து மாமியார் வீட்டுக்கு அவர் கிட்டாரை எடுத்துப் போனதில்லை.

இளவயதில் அவருக்கும் லீட் கிட்டார் மேல்தான் ஆசை. மேடைக்கு முன்னால் வந்து, முடியைச் சிலுப்பி, பெண்கள் பக்கம் பார்த்து வாசிக்கிற ஆசை. மூர்த்தியின் குழுவில் அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தான். பேஸுக்குத்தான் ஆள் இல்லை. நாலு கம்பிதானே என்று அலட்சியமாகச் சேர்ந்தார். சேர்ந்த பிறகு அந்தத் தடித்த கம்பியின் அதிர்வு அவர் வயிற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழா என்று பாதி ஆயுள் அந்த மேடை ஓரத்திலேயே ஓடிவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒருநாள்கூடப் பயிற்சி செய்ததில்லை. அவர் வாசிப்பை ஒருத்தரும் குறை சொன்னதுமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகல் பிழைப்புக்கு அவருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் சாமான் கடை. சார்ஜர், கவர், இயர்போன். பிழைப்பு பிரச்சினையில்லை. பிரச்சினை மூர்த்தி வாங்கிய புது கீபோர்டால் வந்தது.

அதில் இடதுகைப் பக்கத்துக் கட்டைகளை மட்டும் பிரித்து, பேஸ் கிட்டார் சத்தத்தை வைத்துக்கொள்ளலாம். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். மூர்த்தி ஒத்திகையில் வாசித்தும் காட்டினார். டிரம்ஸ் அடிக்கும் இருசப்பன், பக்கத்தில் ஒரு மனுஷன் உயிரோடு நிற்கிறானே என்றுகூடப் பார்க்காமல், "அசல் மாதிரியே கீதுண்ணா" என்றான்.

"வேன்ல இடம் பத்தல சக்கரவர்த்தி" என்றார் மூர்த்தி. "அடுத்த மாசம் கீழ்பென்னாத்தூர் திருவிழா வரைக்கும் பாப்போம். அதுல நீ நல்லா வாசிச்சிட்டன்னா இருந்துக்க. இல்லன்னா என் இடது கையே போதும்."

அந்த மேடை ஓரமும் கைவிட்டுப் போனால் தனக்கு மிஞ்சுவது செல்போன் கவர் மட்டும்தான் என்று சக்கரவர்த்திக்குத் தெரியும். உடனே பயிற்சியைத் தொடங்குவது என்று முடிவெடுத்தார். பயிற்சி என்றதும் கிட்டாரை எடுத்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? செல்போனை எடுத்தார். பயிற்சிக்கு என்னென்ன வாங்கலாம் என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தார். சின்ன ஸ்பீக்கர் பெட்டி, பெரிய பெட்டி, மடக்கி வைக்கிற ஸ்டாண்டு, பைக்குள் அடங்குகிற தலையில்லாத கிட்டார் என்று உலகத்தில் வாசிக்காதவர்களுக்காக எத்தனையோ சாமான்கள் இருக்கின்றன. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைப் புரட்டுவதுபோல ஒரு வாரம் புரட்டினார். அந்த வாரம் முழுக்கக் கிட்டார் பீரோவின் மேல் தூசி தின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தது டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பேட்டரி ஸ்பீக்கர் பெட்டி. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம், சத்தமும் கணீரென்று இருந்தது. தடித்த கம்பியை ஒரு தட்டுத்தான் தட்டினார். கீழ் வீட்டில் பூஜை அலமாரியில் இருந்த பஞ்சபாத்திரமும் உத்தரணியும் கிடுகிடுவென்று ஆடின. கீழ் வீடு, வீட்டுக்காரர் சோமசேகரன் குருக்களுடையது. விடியுமுன்னே அண்ணாமலையார் கோயிலுக்குப் போகிறவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வார். அவருடைய மனைவி வடிவாம்பாள் நிலநடுக்கம் என்று அவரை எழுப்பி வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் குருக்கள் மாடியேறி வந்தார். கோபப்படவில்லை. "சத்தம் வராம வாசிக்க முடியும்னா பேஷா வாசிங்கோ. முடியாதுன்னா வேற வீடு பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. அடுத்து வந்தது கட்டைவிரல் அளவு ஒரு கருவி. கிட்டாரிலேயே செருகிக்கொண்டு, அதில் ஹெட்போன் வயரை மாட்டினால் வாசிக்கிறவருக்கு மட்டும் கேட்கும். நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆராயி அதே அறையில் ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாள் சக்கரவர்த்தி உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நிற்க, வயர் தையல் மெஷின் சக்கரத்தில் மாட்டி, அவர் தலையை இழுத்துக்கொண்டு போனது. காது தப்பியது, வயர் தப்பவில்லை.

"நல்லவேளை, தலையோட வெச்சித் தெக்காம விட்டேன்" என்றாள் ஆராயி.

வயர் இருந்தால்தானே வம்பு என்று சக்கரவர்த்தி யோசித்தார். அவர் கடையில்தான் வயரில்லாத இயர்பட்ஸ் சரஞ்சரமாகத் தொங்குகிறதே. உள்ளதில் உயர்ந்த ஒன்றை எடுத்துவந்தார். கிட்டாரிலிருந்து செல்போனுக்கு ஒரு குட்டிக் கருவி, செல்போனிலிருந்து காதுக்குக் காற்று வழியே சத்தம். செல்போனிலேயே பாட்டையும் தாளத்தையும் ஓடவிட்டு, கூடவே வாசிக்கலாம். எல்லாம் சட்டைப் பையில் அடங்கிவிட்டது.

அந்த வாரம் கடைக்கு அன்பரசன் என்கிற கல்லூரி மாணவன் வந்தான். இதே இயர்பட்ஸை வாங்கிப் போனவன். செல்போன் விளையாட்டில் துப்பாக்கியால் சுட்டால், சுட்ட பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் வருகிறது என்று குறை சொன்னான். சக்கரவர்த்தி எத்தனை பேரைச் சமாளித்தவர்.

"சுட்டவன் செத்தானா இல்லையா? செத்தான்ல. அப்புறம் சத்தம் முன்ன வந்தா இன்னா, பின்ன வந்தா இன்னா" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் முதல்நாள் பயிற்சியில் அவருக்கே அதிர்ச்சி. தாளம் விழுந்த பிறகு அவருடைய பேஸ் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. வயசாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது, மூர்த்தி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று மனம் நொந்தார். ஆனால் விடவில்லை. தாளம் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கம்பியைத் தட்டிப் பார்த்தார். அப்போது காதில் இரண்டும் ஒன்றாக விழுந்தன. இதுதான் சூட்சுமம் என்று பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாக உழைத்தார். விரல் கொப்பளித்து உடைந்து காய்த்துப்போகிற அளவுக்கு வாசித்தார். கடைசியில் தாளத்தோடு பேஸ் ஒட்டினால் ஒட்டியதுதான், ஊசி நுழையாது. காதுக்குள் கச்சேரி அமர்க்களப்பட்டது.

கீழே சோமசேகரன் குருக்கள் ஆராயியிடம், "இப்பதான் உங்காத்துக்காரர் ரொம்ப நன்னா வாசிக்கறார்" என்றார்.

ஆராயியின் தையல் மெஷின் சத்தத்துக்குப் பயந்து, கடை விடுமுறை நாட்களில் அவர் அடி அண்ணாமலைப் பக்கம் போக ஆரம்பித்தார். கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடி. கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பார். இயர்பட்ஸ் காதோர முடியில் மறைந்திருக்கும். வெளியே கம்பியின் சின்ன டிக் டிக் கூட மோட்டார் சைக்கிள் இரைச்சலில் கேட்காது. வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள். இது திருவண்ணாமலை. இங்கே ஒரு மனுஷன் பாதை ஓரத்தில் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தாலே நாலு பேர் கும்பிடுவார்கள். சத்தமே வராமல் வீணை மாதிரி ஒன்றை வாசித்தால் விடுவார்களா? முதலில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு பெங்களூர் குடும்பம் உட்கார்ந்தது. குடும்பத்தைப் பார்த்துக் காவி கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்தார். சக்கரவர்த்தி கண்ணைத் திறந்தபோது முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மௌன வாத்தியம் என்று யாரோ யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பழத்தை எடுத்துவந்தார்.

கீழ்பென்னாத்தூர் திருவிழா வந்தது. மேடையில் சக்கரவர்த்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முதல் பாட்டு அம்மன் பாட்டு. இருசப்பனின் அடி விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் இவருடைய பேஸ் விழுந்தது. நாம்தான் பிந்திவிட்டோமோ என்று இருசப்பன் வேகத்தைக் கூட்டினான். அவன் கூட்டக்கூட, ஒரு மாதம் பழகிய கை அவனையும் முந்திக்கொண்டு பாய்ந்தது. அம்மன் பாட்டுக்கு வேகம் ஒன்றும் பாவமில்லை, சாமியாட நாலு பேருக்கு வசதியாகப் போயிற்று. இரண்டாவது பாட்டு ஒரு தாலாட்டு. பாடகி கவிநிலா நிதானமாக ஆரம்பித்தாள். பின்னால் இரண்டு பேரும் துரத்துகிற துரத்தலில் குழந்தையைத் தூங்க வைக்க வந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள்போல மூச்சு வாங்கினாள். முன்னால் இளவட்டங்கள் தாலாட்டுக்கு விசிலடித்துக் குத்தாட்டம் போட்டார்கள். மூர்த்தியின் முகம் போன போக்கை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது பாட்டிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. பேஸும் டிரம்ஸும் பிசகாமல் கைகோத்து நடந்தன. சக்கரவர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் நான், இத்தனை நாள் உழைப்பு வீண் போகவில்லை என்று கடைசிப் பாட்டு வரைக்கும் உருகி உருகி வாசித்தார். மேடைக்குப் பின்னால் பொங்கல் சாப்பிடும்போது அதை மூர்த்தியிடம் சொல்லவும் செய்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் உதறல், அப்புறம் பிடித்துவிட்டேன் பார்த்தாயா என்றார்.

மூர்த்தி இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மூணாவது பாட்டுலயே உன் கிட்டார் லைன சத்தம் வராம மூடிட்டேன். அப்புறம் கேட்டதெல்லாம் என் இடது கை."

சக்கரவர்த்திக்குப் பொங்கல் இறங்கவில்லை. ஒரு கச்சேரி முழுக்க ஊமைக் கிட்டாரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறோம், அதுவும் சந்தோஷமாக நின்றிருக்கிறோம் என்பதுதான் அவரைக் கொன்றது. வேனில் வரும் வழியெல்லாம் இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காரணம் நாலு நாள் கழித்துக் கடைக்கே வந்தது. அன்பரசன்தான். இந்தமுறை வாதாடாமல், இயர்பட்ஸை அவர் காதிலேயே மாட்டிவிட்டு, செல்போனைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னான். சக்கரவர்த்தி சுட்டார். ஒரு மயிரிழை கழித்துச் சத்தம் கேட்டது. மறுபடி சுட்டார். மறுபடியும் அதே மயிரிழை. அந்த மயிரிழையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் அதோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார். காற்று வழியே வருகிற சத்தம் தாமதமாக வந்திருக்கிறது, கை மந்தமில்லை. மந்தமில்லாத கையைத்தான் அவர் ராப்பகலாக உழைத்துக் கெடுத்திருக்கிறார். தினமும் நூறு பேருக்கு இயர்போன் விற்கிற மனுஷனுக்கு இதைச் சொல்ல ஒரு கல்லூரிப் பையன் இரண்டுமுறை நடக்க வேண்டியிருந்தது. அவனுக்கு வயர் வைத்த ஒன்றை மாற்றிக் கொடுத்தார்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு மூர்த்தியிடம் ஓடினார். நடந்ததை விளக்கினார். குற்றம் கையில் இல்லை, காதில் மாட்டியதில் என்றார். பழையபடி பயிற்சியே செய்யாமல் வந்துவிடுகிறேன் என்றுகூடக் கெஞ்சினார். மூர்த்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் சக்கரவர்த்தி. ஆனா என் இடது கை வேன்ல ஜன்னல் சீட்டு கேக்காது" என்றார்.

வீட்டில் ஆராயி அன்று கிண்டல் பண்ணவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "வெளிய போயாவது சத்தமா வாசிச்சிட்டு வாங்க. மனசு ஆறும்" என்றாள்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம், கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். வேப்பமரத்தடியில் அவருக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. பாய்கூட விரித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகிவிட்டது. இவர்களாவது கேட்கட்டும், இத்தனை நாள் கேட்காததை இன்றைக்கு நிஜமாகவே கேட்கட்டும் என்று நினைத்தார். காதில் எதையும் மாட்டவில்லை. பெட்டியைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, கவிநிலாவை ஓட ஓட விரட்டிய அந்தத் தாலாட்டையே, அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, நிதானமாக வாசித்தார். தடித்த கம்பியின் அதிர்வு மரத்தடி மண்ணில் பரவி அவர் வயிற்றுக்குள் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது பாயில் பாதிக்குமேல் காலி. பெங்களூர்க்காரர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பெண்மணி எழுந்து தள்ளி நின்றிருந்தார். காவி கட்டிய பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து, மரியாதையாகக் குனிந்து சொன்னார்.

"சாமி, அந்தப் பொட்டிய கொஞ்சம் நிறுத்திடுங்க. நீங்க வாசிக்கறது கேக்க மாட்டேங்குது."

சக்கரவர்த்தி கையை நீட்டிப் பெட்டியை அணைத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக் கம்பியைத் தடவ ஆரம்பித்தார். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து வெளிநாட்டுப் பெண்மணியும் அழுதார்.