டுரியான் பருவத்தில் மலேரியா விசாரிக்கப் போனேன்

கொசுவைப் பற்றிக் கேள்வி கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் முழுசாக நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். காலையில் எங்கள் ஊரான குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பி, சுங்காய் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், மலேரியாவைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்று படிவம் நிரப்புவது என் ஒப்பந்த வேலை. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, நாய்க்குப் பயந்து, பாதிக் கேள்வியில் "அடுப்புல சோறு இருக்கு" என்று அனுப்பப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

பூச்சட்டித் தண்ணீர்

"மலேரியா வராமல் இருக்க என்ன செய்வீர்கள்?" என்று ஒரு வீட்டில் செல்வி அக்காவிடம் கேட்டேன். பூச்சட்டி, பழைய டயர், கூரைத் தகரம் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவேன் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எல்லாம் டிங்கிக் காய்ச்சலுக்கான பதில்கள். குறுக்கிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் முடித்த பிறகுதான், மலேரியாவைப் பரப்புவது காட்டோரக் கொசு, இப்போது இங்கே வருவது குரங்குகளிடமிருந்து கொசு வழியாகப் பரவும் மலேரியா என்று விளக்கினேன்.

அவர் கணவர் மாரி அண்ணன் காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். டுரியான் பழப் பருவத்தில் சொந்த மரங்களுக்குக் காவலும் அவரே. உள்ளேயிருந்து சிரித்தார்.

"குரங்கு என் பழத்தத்தான் கடிச்சிருக்கு தங்கச்சி, என்னக் கடிச்சதே இல்ல லா!"

பிரிக்காத வலை

கொசுவலை இருக்கிறதா என்றால் எல்லா வீட்டிலும் "இருக்கு" என்பார்கள். நான் பார்க்கலாமா என்றும் கேட்பேன். அக்கா அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தால் கட்டுவதற்காம்.

வலையின் பயனைப் பற்றி, மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலுக்கு என் படிவத்தில் கட்டமே இல்லை.

"பொழுது சாயறப்ப அவரு காட்டோரம் பொண்டோக்குக் குடிசையில காவலுக்கு ஒக்காந்திருப்பாரு. வீட்டுல வலையக் கட்டி நான் யாரப் படுக்க வைக்கிறது?"

"இல்லை" என்ற கட்டம்

கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் உண்டா என்று மாரி அண்ணனைக் கேட்டேன். "இல்ல" என்றார். நடுப்பகல் வெயிலில் ஜாக்கெட் போட்டிருந்தார். கையிலிருந்த கோப்பையில் தேநீர் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சொன்னதை எழுதுவதுதான் விதி. "இல்லை" என்று குறித்துவிட்டு வந்தேன்.

எங்கள் குழுவில் விரல் நுனியில் குத்தி மலேரியாப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் சுரேஷ் அண்ணனிடம் வேனில் இதைச் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"சொன்னத எழுதிட்ட. பாத்தத எங்க எழுதப் போற?"

விரல்

வேனிலிருந்து இறங்கி, சுரேஷ் அண்ணனையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். "அண்ணே, நான் எழுதினது பொய்னு நெனைக்கிறேன். இந்த மலேரியா நாலஞ்சு நாள்ல உயிருக்கே ஆபத்தாயிடும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. மலேரியா என்று தெரிந்தால் வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள், பழம் விழுகிற நேரத்தில் யார் பொறுக்குவது என்றார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"நானும் என் தம்பியும் பொறுக்க மாட்டமா? பெத்த புள்ள மாதிரி மரத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க! நீட்டுங்க விரல!"

பழம் யாருக்கு

அன்று மாலையே முடிவு வந்தது: மலேரியாதான். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளையாக வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுவாரம் சுரேஷ் அண்ணனோடு போனபோது மாரி அண்ணன் இளைத்திருந்தார். ஆனால் பொண்டோக்கில் புது வலை தொங்கியது, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பழம் சாப்பிட வந்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் மூன்று நாளாக உடம்பு சுடுகிறது என்று சொல்லிக்கொண்டே சுளைக்குக் கையை நீட்டினார். மாரி அண்ணன் பழத்தை இழுத்துக்கொண்டார்.

"மச்சான், மொதல்ல சுரேஷ் அண்ணன்கிட்ட விரல நீட்டு. அப்புறம் என்கிட்ட கைய நீட்டு லா!"

காய்ச்சலோடு வந்து விரல் நீட்டாதவர்களுக்கு இப்போது அங்கே பழம் கிடையாது. ஊரில் விழிப்புணர்வு எதனால் கூடியது என்ற அறிக்கைக் கேள்விக்கு "டுரியான்" என்று உண்மையையே எழுதி அனுப்பிவிட்டு, மேலதிகாரி எப்போது கூப்பிடுவார் என்று கொஞ்சம் பயத்தோடு காத்திருக்கிறேன்.